ஈரச்சாக்கு

விருதுநகர் அறிவியல் கண்காட்சியில் நடுவர் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். நாங்கள் கொண்டுபோன மண் கண்மாய் மாடலின் கரை உடைந்தது. தண்ணீர் மேஜையில் வழிந்து அவர் பூட்சுக்குள் இறங்கியது. பக்கத்தில் நின்ற எங்கள் பள்ளிப் பையன்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். மேஜையைத் துடைத்தது நான். லேப் அட்டெண்டர் வேலை அதுதான்.

அந்தக் கண்மாயைச் செய்தவள் அங்கே இல்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அவள் பரளச்சி ஊர்ப் பிள்ளை முத்துமாரி. ப்ளஸ் ஒன், ஆர்ட்ஸ் குரூப். எங்கள் பள்ளியில் மார்க் கூடினால் சயின்ஸ், குறைந்தால் ஆர்ட்ஸ். சயின்ஸுக்கு மாடியில் ஃபேன். ஆர்ட்ஸுக்கு சைக்கிள் ஷெட் பக்கம் தகரக் கொட்டகை. லேப் வாசலைத் தாண்டக் கூடாது.

தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு மாடல் வேண்டுமென்று பிசிக்ஸ் சார் அலைந்தார். சயின்ஸ் பிள்ளைகள் சார்ட் ஒட்டியதோடு சரி. முத்துமாரி வாசலில் நின்று கேட்டாள்.

"அண்ணே, எங்க ஊருக் கண்மாயச் செஞ்சு தாரேன். என்னையும் விருதுநகர் கூட்டிப் போவாகளா?"

சாரிடம் சொன்னேன். "செய்யட்டும், பாப்போம்" என்று அவளை மட்டும் உள்ளே விட்டார்.

கரிசல் மண்ணைப் பிசைந்து கரை கட்டினாள். மடை வைத்தாள். மடையைத் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. கரைமேல் பனைமரம், குதிரை மேல் அய்யனார். வீட்டுக்குப் போகுமுன் தினமும் ஈரச்சாக்கு போர்த்துவாள்.

கண்காட்சி நெருங்கியதும் சார் வந்து பார்த்தார்.

"என்னம்மா, பொணத்த மூடுன மாதிரி! சாக்க எடு. காயட்டும், பெயிண்ட் அடிக்கணும்."

"கரிசலு சார். காஞ்சா வெடிச்சுரும்."

"நீ ஆர்ட்ஸு. பொம்மை செஞ்சியா, அதோட நிறுத்து. சயின்ஸ நாங்க பாத்துக்கிறோம்."

நானும் சொல்லிப் பார்த்தேன். "நீங்க சாவி வேலையப் பாருங்கண்ணே" என்றார்.

கண்காட்சிக்குப் போக இரண்டு சயின்ஸ் பையன்களைப் பிடித்தார். இரண்டு பேருக்கும் எம்.ரெட்டியபட்டியில் கரிசல் மண்ணில் பருத்திக் காடு. கோடையில் அந்தக் காட்டு வெடிப்பில் ஆட்டுக்குட்டிக்குக் கால் மாட்டும். அவர்களுக்கா தெரியாது? மறுநாள் கரையில் விழுந்த கீறல் மேல் பச்சைப் பெயிண்டை அப்பினார்கள். முத்துமாரியை வேனில் ஏற்றவில்லை.

"அறிவியல் கண்காட்சிக்கு ஆர்ட்ஸ் புள்ளயா? சிரிக்க மாட்டாங்க?" என்றார் சார்.

கண்காட்சியிலிருந்து திரும்பி வந்ததும் லேப் வாசலில் நின்று கத்தினார். "ஆர்ட்ஸ்காரி கைய வச்சா இப்படித்தான். மானம் போச்சு. இனி அந்தக் குரூப்புல ஒருத்தரும் உள்ள கால் வைக்கக் கூடாது. கேட்டுச்சாண்ணே?"

முத்துமாரி அங்கேதான் நின்றாள். அழவில்லை. என்னிடம் மட்டும் கேட்டாள்.

"தண்ணி ஓடுச்சாண்ணே?"

"கரைய ஒடைச்சு ஓடுச்சு தாயி."

லேப் சாவியை எடுத்து சார் முன்னால் வாசல் மேஜையில் வைத்தேன்.

"அப்ப நாளையிலருந்து வாசல்ல நீங்களே நின்னு வெரட்டுங்க சார். என்னால ஆகாது."

சாவியைப் பார்த்தார். எடுக்காமலே போய்விட்டார். சாவி என்னிடமே இருந்தது.

மறுநாள் முத்துமாரி உள்ளே வந்தாள். உடைந்த கரையைப் பெயர்த்து வாளியில் ஊறப்போட்டாள். நான் சாக்கை நனைத்துக் கொடுத்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். லேப் பூட்டு சாமான் வெளியே போகாமல் இருக்கத்தான். பிள்ளை உள்ளே வராமல் இருக்க இல்லை.