பேண்ட் சா சக்கரத்துக்குப் புது ரப்பர்

மர அறுவைத் தொழிலில் கோடு கோணினால், மரத்துக்கு முந்தி அறுக்கிறவன் மனசு கோணிவிடும். பழைய மிஷினோடு குடித்தனம் நடத்தும் அன்பர்களே, இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலைமேல், பூண்டி போகிற ரோட்டோரம் என் பட்டறை. நான், என் மனைவியின் தம்பி பாண்டி, ஒரு கிழட்டு பேண்ட் சா. மேலும் கீழும் இரண்டு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பட்டைப் பிளேடு, அவ்வளவுதான் மிஷின்.

தடியும் மெலிசும்

முத்தையா பூண்டு விவசாயி. அடுப்புக்கு மேலே பரண் கட்டி, புகையிலும் சூட்டிலும் பூண்டுக் கட்டுகளைத் தொங்கவிட்டுக் காயவைப்பது இங்கே வழக்கம். அவருடைய பழைய பரண் உளுத்துப்போய்விட்டது. பூண்டோ பிடுங்கியாயிற்று, பனியில் கிடந்தால் அழுகிவிடும். புதுப் பரணுக்கு அவசரமாக ரீப்பர், அதாவது மெலிசான மரச்சட்டம், கேட்டார். அறுத்துக் கொடுத்தேன். ஒரு முனை கட்டைவிரல் கனம், மறுமுனை சுண்டுவிரல் கனம். கையில் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, இதுல கட்டுனா பாதிப் பூண்டு பரண்ல இருக்கும், பாதி கொழம்புல கெடக்கும்."

சந்தேகம்

பிளேடை மாற்றினேன். இறுக்கினேன். மரத்தைத் திட்டினேன். பிறகு என்னையே பார்க்கத் தொடங்கினேன். கண் மங்கிவிட்டதோ? கை நடுங்குகிறதோ? இனி இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ?

கடைசியில்தான் மூடியைத் திறந்து மேல் சக்கரத்தைத் துடைத்துப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றியிருந்த ரப்பர் கல்லாக இறுகி, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. நடு மேடாக இருந்தால்தான் பிளேடு அங்கே நிற்கும். பள்ளத்தில் எங்கே நிற்கும்? ஆட்டம் போட்டிருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஒங்களக் கழட்டிப் பாத்த நேரத்துக்கு மிஷினக் கழட்டியிருக்கலாம்ல மச்சான்?"

மாலை

மதுரையிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் புது ரப்பர் வளையம் வாங்கிவந்தேன். பழையதை உளியால் சுரண்டி, விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். வளையம் சக்கரத்தைவிடச் சின்னது. இழுத்து மாட்ட வேண்டும். குளிரில் அது விறைத்து நின்றது. வெந்நீரில் ஊறப்போட்டு, துடைத்து, ஒட்டுகிற சொல்யூஷன் தடவி மாட்டினோம். கதவைச் சாத்த மறந்தோம். மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாளும் சொல்யூஷன் பாலாடை போலவே இருந்தது. நல்லவேளை, சுவிட்சைத் தட்டாமல் கையால் சுற்றினேன். மேல் வளையம் நழுவி, கீழே குனிந்திருந்த பாண்டியின் கழுத்தில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து முத்தையா வந்தார்.

"நான் பரணுக்கு அலையிறேன், நீங்க மச்சானுக்கு மாலை போட்டு வெளையாடுறீங்களா?"

அடுப்படி

ஊரே ஈரமாகக் கிடக்கிறது. காய்ந்த இடத்துக்கு எங்கே போவது? முத்தையாவைப் பார்த்ததும் அவர் வீட்டு அடுப்பு ஞாபகம் வந்தது. இரண்டு சக்கரத்தையும் கழற்றி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவரோடு போனேன். சமையலறை முழுக்கப் பூண்டுக் குவியல். அதை ஒதுக்கிவிட்டு, சக்கரங்களை அடுப்போரம் சாய்த்தேன். முத்தையாவின் மனைவி பேச்சியம்மாள் கரண்டியோடு வந்து நின்றார்.

"பூண்டு வெக்கவே எடத்தக் காணோம், இவுக சக்கரத்தக் காயவெக்க வந்துட்டாக! வெரசா எடுங்க, ஒல வெக்கணும்."

நேர்கோடு

விளிம்பு நன்றாகக் காய்ந்து சூடேறியதும், நெருப்புக்கு எட்டாமல் வாசலுக்குக் கொண்டுபோய், புதுசாகச் சொல்யூஷன் தடவி ரப்பரை ஒட்டினேன். இந்தமுறை அட்டைப்பூச்சி போலப் பிடித்துக்கொண்டது. பட்டறையில் மாட்டி, கையால் சுற்றச் சுற்ற உப்புத்தாளைப் பிடித்து, நடுவை மேடாக்கினேன். பிளேடை ஏற்றிச் சுவிட்சைப் போட்டேன். நடுவை விட்டு அசையவில்லை! சில்வர் ஓக் பலகையில் நான் போட்ட பென்சில் கோட்டை அப்படியே தின்றுகொண்டு போனது. இரண்டு ரீப்பரைச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தோம். இடையில் ஒரு பொட்டு வெளிச்சமில்லை. பாண்டி விசிலடித்தான். எனக்கும் அடிக்கத் தோன்றியது, வயசு தடுத்தது.

அன்றைக்கே பரண் ஏறியது. அழுகாமல் தப்பிய பூண்டெல்லாம் கட்டுக்கட்டாகத் தொங்கியது. பேச்சியம்மாள் அண்ணாந்து பார்த்தார், தலையைச் சாய்த்து மறுபடியும் பார்த்தார்.

"பரண் நேராத்தான் இருக்கு. இப்பல்ல தெரியுது, எங்க செவருதான் கோணல்னு!"

இத்தனை வருஷத் தொழிலில், கோணல் என் வேலையில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.