எந்த மதலேன்?

லாண்டரியில் அவள் இஸ்திரி போடுகிறவள். புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கப்பலின் பெயர் மதலேன். பிரெஞ்சுப் பெயராம். அங்கே பெண் குழந்தைக்கு வைப்பார்களாம். சிப்பி மாதிரி சுட்டெடுக்கிற குட்டிக் கேக்குக்கும் அதே பெயராம். ஓயாமல் அழுகிறவளையும் மதலேன் என்றுதான் கேலி செய்வார்களாம். எல்லாம் அவன் போனில் அளந்த கதைகள். இவளைக் கேட்டால் அந்தப் பெயருக்கு ஒரே அர்த்தம்தான்: சக்களத்தி.

"பதினோரு மாசம் அவகூட, ஒரு மாசம் எங்கூட. இந்த வருஷம் அதுவும் இல்ல, லீவு கெடைக்கலயாம்" என்று சொல்லி லாண்டரியையே சிரிக்க வைப்பாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், புயலில் மதலேன் மூழ்கிவிட்டதாக டிவியில் சொன்னார்கள். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் தலையணை உறை கருகியது. போட்டது போட்டபடி ஓடினாள்.

கப்பல் கம்பெனியின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள். உள்ளே இருந்த குமாஸ்தா கேட்டார்: "எந்த மதலேன்மா?"

மூன்று கப்பலுக்கும் முதலாளி தன் அம்மா பெயரையே வைத்திருக்கிறான். பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவு பாசம். அந்தப் பாசத்துக்கு இந்தப் பெண்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். மூழ்கியது மதலேன் இரண்டு.

"நம்பரெல்லாம் தெரியாதுங்க. மதலேன்னுதான் சொல்வாரு. போன ஞாயித்துக்கிழமகூட கப்பல்ல இருந்துதான் பேசினாரு."

குமாஸ்தா புருஷன் பெயரைக் கேட்டுப் பட்டியலைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவள் கப்பல் மெக்கானிக் ஒருவனின் மனைவி. அவள் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் இரண்டில்தான் இருக்கிறான். அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

"ரெண்டுல இல்லம்மா."

இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குமாஸ்தா இன்னும் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மூணுல இருந்திருக்காரு. ஒன்னர வருஷம் முன்னாடியே வேலைய விட்டுட்டு எறங்கிட்டாரே. உங்ககிட்ட சொல்லலியா?"

மெக்கானிக்கின் மனைவி இவளைக் கட்டிக்கொண்டாள். "நீ குடுத்து வச்சவ. உம் புருஷன் தரையில இருக்காரு."

ஆமாம் என்று தலையாட்டினாள். மூழ்கிப் போயிருந்தாலே தேவலை என்று ஒரு கணம் நினைத்தாள். தோளில் அந்தப் பெண் விம்மிக்கொண்டிருக்கும்போதே நினைத்தாள்.