சிட்டுங்கோ, சேர்

காலை எட்டு இருபது. பாடசாலை வாசலில் முதலில் தெரிந்தது சைக்கிள் ஹாண்டிலில் மாட்டியிருந்த ஒரு கறுப்புக் குடை. பிறகுதான் சைக்கிளை உருட்டிவந்த கல்விப் பணிமனை சேர் தெரிந்தார்.

எங்கள் ஆங்கில ரீச்சர் தொண்டர் ஆசிரியை. ஏ.எல். பரீட்சை எழுதி ஒரு வருடம்கூட ஆகாதவா. அவாவைத் தொடர்ந்து படிப்பிக்க விடுவதா, நிறுத்துவதா என்று பார்க்கத்தான் சேர் வந்திருந்தார். அவா நின்றுவிட்டால் எங்களுக்கு ஆங்கிலப் பாடம் இல்லை. கனகராயன்குளத்தில் வேறு ஆள் கிடையாது.

அன்றைய பாடம் ஏவல் வாக்கியம். தமிழில் வா, வாரும், வாங்கோ. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'கம்' என்று முதல்நாள் சொல்லித்தந்திருந்தா. நாய்க்கும் கம், அதிபருக்கும் கம். அதைக் கேட்டதிலிருந்து வகுப்புக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாமரத்தடியில் ஒருவரை ஒருவர் "ஈட்!", "ரன்!" என்று ஏவித் திரிந்தோம்.

சேர் வகுப்புக்குள் வந்ததும் ரீச்சர் எனக்குப் பக்கத்தில் இருந்தவளை எழுப்பினா.

"சேரை இருக்கச் சொல்லும் பாப்பம். இங்கிலீசிலை."

அவள் சேரின் நரைத்த மீசையைப் பார்த்தாள். வெறும் 'சிட்' வாயில் வரவில்லை.

"சிட்டுங்கோ, சேர்."

பின்னாலிருந்து ஒருத்தன், "ஈட்டுங்கோ!" என்றான். "ட்ரிங்குங்கோ!" என்றாள் இன்னொருத்தி. அவ்வளவுதான், நாங்கள் இருந்த நீள வாங்குகள் குலுங்கின. எனக்கு விக்கல் எடுத்தது. ரீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டா. தோள் மட்டும் ஆடியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

சேர் சிரிக்கவில்லை.

"பிள்ளை, அந்த 'ங்கோ'வுக்கு இங்கிலீசிலை என்ன?"

"ப்ளீஸ், சேர். ரீச்சர் சொல்லித்தந்தவா. பயத்திலை மறந்துபோனன்."

"அப்ப வடிவாச் சொல்லும்."

"ப்ளீஸ் சிட் டவுன், சேர்."

"ஓம், இருக்கிறன்" என்று அவர் எங்கள் வாங்கின் நுனியில் இருந்தார். மறுநுனி எழும்பியது. அதிலிருந்த நாங்கள் இருவரும் அவர்மேல் சறுக்கினோம். அப்போதுதான் அவரும் சிரித்தார். மீசை முழுவதும் சிரித்தது.

சேர் புறப்பட்டபோது ரீச்சர், "சேருக்கு என்ன சொல்லுவியள்?" என்று கேட்டா. 'கோ' என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்த ஆளைப் பார்த்து யாராவது 'போ' என்பார்களா? முழு வகுப்பும் கத்தியது:

"ப்ளீஸ் கோ அண்ட் கம், சேர்!"

"வாறன், வாறன்" என்று அவர் சைக்கிளில் ஏறினார்.

திங்கட்கிழமை ரீச்சர் கேள்வி வாக்கியம் தொடங்கினா.