றொபியின் கோர்ட்

கல்லுப்பைக் கை நிறைய அள்ளி, கோழிக்குத் தீன் போடுவது மாதிரி டெனிஸ் கோர்ட் முழுக்க வீசிக்கொண்டிருந்தான் றொபி. உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும்; இல்லாவிட்டால் கற்பிட்டிக் காற்று செம்மண்ணை ஒரே பகலில் கிளப்பிக்கொண்டு போய்விடும். ஹோட்டல் விருந்தாளிகள் சப்பாத்தோடு குறுக்கே நடந்தால், "மிஸ்டர், இது ரோட்டு இல்ல" என்று தமிழிலேயே சொல்வான். அவர்களுக்கு விளங்கிவிடும்.

அன்றைக்கு நடுவரின் உயரக் கதிரையில் போனைச் சாய்த்து வைத்திருந்தான். இத்தாலியில் ஒரு செம்மண் கோர்ட்டில் அவனுடைய பழைய கூட்டாளி கிளைட்டன் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் ஆடுகிறான். படம் வராது, புள்ளிகள் மட்டும் வரும். இருவரும் இங்கே பந்து பொறுக்கி, வெள்ளைக்காரர் விட்டுப்போன ரக்கெட்டில் ஆடப் பழகியவர்கள். அந்த நாளில் றொபிதான் வெல்வான்.

"அவனுக்கு மாமி இத்தாலியில இருந்தா. எனக்கு மாமி இந்தா, பக்கத்துக் குறிஞ்சிப்பிட்டியில இருந்தா. அவ்வளவுதான்டா வித்தியாசம்." இதைக் கேட்காத ஆள் ஹோட்டலில் இல்லை.

கிளைட்டன் பிரதான சுற்றுக்குப் போனால் கோர்ட்டுக்கு அவன் பெயர் என்று முகாமையாளர் ஸலாஹுதீன் சொல்லியிருந்தார். அந்த எரிச்சலில் றொபி காலையிலேயே தலவில் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருந்தான். என்ன கேட்டாய் என்று மனைவி சுஜாந்தி நோண்டினாள்.

"அவன் தோக்கோணும் எண்டு கேக்கல்ல. வெல்லக்கூடாது எண்டுதான்."

"டெனிஸில ரெண்டும் ஒண்டுதானே, மனிசா!"

முதல் செட் ஆறுக்கு மூன்று, கிளைட்டனுக்கு. "இன்னும் கொஞ்சத்தில காலு இழுக்கும் அவனுக்கு" என்று றொபி மண்ணை அமுக்கும் உருளையை இழுத்தான். மூன்றாவது செட்டுக்குப் போனால் கிளைட்டனுக்கு மூச்சுக் காணாது; சின்ன வயதிலேயே அப்படித்தான். இரண்டாவது செட் நாலுக்கு நாலு. றொபி உருளையை நடுக்கோர்ட்டில் விட்டுவிட்டுப் போனிடம் ஓடினான்.

"நெற்றுக்கு ஏறுடா, மடையா!"

கத்தியது தானா என்று திடுக்கிட்டவன், யாரும் கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தான். மூன்றாவது செட் வரவில்லை. ஆறுக்கு நாலு. முடிந்தது.

சமையலறையில் தட்டுகளை அடித்துக் கூவினார்கள். ஸலாஹுதீன் கையை விரித்தபடி ஓடிவந்தார்.

"ரெண்டே செட்டுல முடிச்சிட்டான், பாத்தியா! அல்ஹம்துலில்லாஹ்! பெயிண்டரக் கூப்பிடப் போறேன். பேர்ப்பலகைய எங்க வெச்சா நல்லாரிக்கும்? ஒன்ட கோர்ட்டுதானே, நீயே சொல்லு."

றொபி கையைச் சாரத்தில் துடைத்தான். நிழல் விழும் வாசல் சுவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். பிறகு, எந்தப் பெயிண்டும் ஒரு கச்சான் காற்றுப் பருவத்துக்கு மேல் தாங்காத கடல் பக்கத்து வேலியை நோக்கிக் கையை நீட்டினான்.