வட்டி படாத காசு

கல்முனை பஸாரில் சாரம் விற்கும் பதியுதீனுக்கு, மகள் ஹிமாயா பிறந்த அன்றே ஒரு கவலையும் சேர்ந்து பிறந்தது. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் இந்தக் கரையில் கலியாணம் ஏது? வெயிலில் நின்று கூவிக் கூவி விற்று, பாலமுனையில் அவளுக்கென்று வீடு கட்ட ஒரு வளவு நிலத்தை வாங்கிப் போட்டார்.

அந்த வளவைத்தான் போன வருஷம் விற்றார். ஹிமாயாவுக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. படிப்புச் செலவைக் கல்லூரியே ஏற்றுக்கொண்டது. தங்கவும் சாப்பிடவும் வேண்டிய பணம் வாப்பாவின் வங்கிக் கணக்கில் இருப்பதாக விசாவுக்குக் காட்ட வேண்டும்.

"வளவ வித்துட்டு நாளைக்கி மாப்பிள்ளைக்கு என்னத்தக் குடுக்கிற?" என்று தலையில் கைவைத்தாள் மனைவி பரீனா.

"எண்ட புள்ளைக்கு வீடு அமெரிக்காவுலதான் இரிக்கி!"

பஸாரில் கேலிக்குக் குறைவில்லை. "பதியுதீன் காக்கா, அமெரிக்காக்காரனும் சாரம் உடுப்பானா?" என்பார்கள்.

"எண்ட மகள் போய்ப் பழக்குவா. நீ காச எடு."

விசா நேர்முகத்துக்காக ஹிமாயா கொழும்புக்குப் புறப்பட இருந்த வாரம்தான் அது அவர் கண்ணில் பட்டது. வளவுக் காசு கிடந்த கணக்கில், மார்க்கம் விலக்கிய வட்டி சேர்ந்திருந்தது! அவருக்கு உடம்பே கூசிற்று.

"படிச்சி இல்மு தேடப் போற புள்ள வட்டிக் காசுலயா போற?"

அன்றே அந்தக் கணக்கை மூடினார். வட்டியை ஏழைகளுக்குக் கொடுத்தார். வட்டியில்லாத புதுக் கணக்கொன்றைத் திறந்து மிச்சம் முழுவதையும் போட்டார். வங்கி கொடுத்த கடிதத்தை மகளின் கையில் வைத்தார்.

"இப்ப சுத்தமா இரிக்கி மகள்."

ஹிமாயா கடிதத்தைப் படித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாப்பாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கொழும்பிலிருந்து திரும்பி வந்தவளின் கண்கள் வீங்கியிருந்தன.

"கிடைக்கல்ல வாப்பா. எனக்குச் சரியாக் கதைக்கத் தெரியல்ல."

"இங்கிலீசில பரிசு எடுத்த புள்ளைக்கா கதைக்கத் தெரியல்ல?" பரீனா விடவில்லை. "உண்மையச் சொல்லு. என்ன கேட்டாங்க?"

ஹிமாயா வாப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். "கணக்கு இந்தக் கிழமைதானே திறந்திரிக்கி, இது ஆர்ர காசு, கடனுக்கு வாங்கிப் போட்டதா எண்டு கேட்டாங்க உம்மா. நான் வட்டியப் பத்திச் சொல்லத் தொடங்கினன். முழுசாக் கேக்கவே இல்ல. பாஸ்போட்டத் திருப்பித் தந்துட்டாங்க."

மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்குள் கல்லூரி தொடங்கிவிடும். அந்த இடம் அவளுக்காகக் காத்திருக்காது.

பதியுதீன் அப்படியே சுவரில் சாய்ந்தார். வெயிலில் உழைத்த காசு, மகளின் வளவை விற்ற காசு. அதைக் கழுவிச் சுத்தமாக்கப் போய், மகளின் வாழ்வையே கழுவி ஊற்றிவிட்டாரே!

"நான்தானா மகள்? எண்ட கையாலதானா?"

"இல்ல வாப்பா! நீங்க செஞ்சது சரிதான்." ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையை விழுங்கிக்கொண்டு, இதுவரை அவள் கேட்டே இராத ஒன்றைக் கேட்டாள்.

"அந்தக் காசுல எனக்கு வீட்டக் கட்டுங்க வாப்பா."