துபாய்க் காசு

குற்றாலச் சாரலில் நனைந்தபடி ரம்புட்டான் வாங்குகிறேன். கடைக்காரப் பெண்ணின் மகளுக்கு எட்டு வயதிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு திர்ஹம் காசைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருக்கிறாள். துபாயில் வேலை பார்க்கும் வாப்பா போன முறை வந்தபோது கொடுத்ததாம்.

நாணயம் சேர்க்கும் ஆசையில் ஐம்பது ரூபாயை நீட்டுகிறேன். அவள் காசைப் பொத்திக்கொள்கிறாள்.

“குடுத்துருட்டி. இங்கன எந்தக் கடையிலயும் அது செல்லாது” என்கிறாள் தாய்.

“வாப்பா இருக்க ஊருல செல்லும்லா. அங்கன போனா பஸ்ஸுக்கு வேணும்.”

“ஒரு காசு போதுமா?” என்று கேட்கிறேன்.

“எனக்கு அரை டிக்கெட்டுதான்” என்றவள் தாயைப் பார்க்கிறாள். “வளந்துட்டா முழு டிக்கெட்டு கேப்பாங்க. அதுக்குள்ள போவணும், உம்மா.”

தாய் எனக்காக நிறுத்துக் கட்டிய பையை அவிழ்த்து மறுபடியும் நிறுக்கிறாள்.