வளைவுக்கு ஒரு நாற்காலி

பஞ்சக்காவின் கைகள் தலையணை உறைக்குள் முழங்கை வரை போயிருந்தன. முதலில் மூலைகள், பிறகு ஓரம், கடைசியில் நடு. மாற்றி அடைத்தால் பஞ்சு சீக்கிரமே கட்டிதட்டிவிடும். அறை முழுக்கப் பஞ்சுத்துகள் மிதந்தது. சன்னல் வெளிச்சத்தில் அது விழவும் இல்லை, ஏறவும் இல்லை. மேகத்துக்குள் ஒருத்தி உட்கார்ந்து தைப்பதுபோல இருந்தது.

"நேத்தும் கனவுல மேல போயிட்டேன் நர்சம்மா," என்றாள். "கால் தரையில படவே இல்ல. படியெல்லாம் தானா கீழ எறங்கிப் போகுது. அக்கா வாசல்ல நின்னு பேசுறா."

"முட்டி வலிச்சுதா?"

"இல்ல."

"அப்ப அது கனவேதான்."

அவள் வீடு படித்தெருவின் அடியில். அவளுடைய அக்கா வீடு உச்சியில். வண்டி ஏறாத தெரு. வீடுகளுக்குப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த அக்காவைக் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்கவைப்பது நான்தான். தங்கை மேலே வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. தினமும் போனில் பேசிக்கொள்வார்கள், பெரும்பாலும் சண்டை. இரண்டாவது முறை பக்கவாதம் வந்ததும் அக்காவின் பேச்சு நின்றது. போனைக் காதில் வைத்தால் மூச்சு மட்டும் கேட்டது. இனி அதிக நாள் இல்லை என்பதை நான் பஞ்சக்காவிடம் மறைக்கவில்லை.

இளவயதில் தலையில் தலையணைக் கட்டோடு அந்தப் படிகளில் ஏறி இறங்கி விற்றவள் அவள். அப்போது ஒவ்வொரு வளைவிலும் கல் இருக்கை இருந்தது. ஏறுவார்கள், உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள், மறுபடி ஏறுவார்கள். சீட்டாடுகிறார்கள் என்று தெருக்கமிட்டி இருக்கைகளைப் பெயர்த்தது. பதிலுக்குப் பூந்தொட்டிகள் வந்தன. பளபளவென்று கைப்பிடிக் கம்பி வந்தது. கீழே ஒரு பலகை: "தினமும் நடப்போம், நலமாக இருப்போம்." அதற்குப் பிறகு வயதானவர்கள் ஒவ்வொருவராக நடப்பதை விட்டார்கள். வயசாகிவிட்டது என்றார்கள். பஞ்சக்காவும் அதையே நம்பி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். உடம்பு கனத்தது, முட்டி இறுகியது.

"நாலு பசங்கள விட்டுத் தூக்கிட்டுப் போகச் சொல்லவா?" என்றேன்.

"என்னை ஒரே ஒரு தடவ தூக்கினாப் போதும். அதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

"அப்ப உக்காந்து உக்காந்து ஏறு."

"எங்க உக்கார்றது? அடுத்தவங்க வாசல்லயா? என்னமோ கேட்டு வந்தவ மாதிரி."

படுத்து எழுந்தவர்களுக்கு நடை பழக்கும்போது தாழ்வாரத்தில் இடைவெளி விட்டு நாற்காலி போடுவோம். நோயாளி தாழ்வாரத்தின் கோடிக்கு நடப்பதில்லை, அடுத்த நாற்காலிக்குத்தான் நடப்பார். அதைச் சொன்னேன். யோசித்தாள்.

"என் பேரச் சொல்லிக் கேக்காதீங்க," என்றாள்.

வளைவுக்கு ஒரு வீடாகப் போய், என் முட்டி வலியைச் சொல்லி வாசலில் நாற்காலி போடக் கேட்டேன். எல்லாரும் உடனே நம்பிவிட்டார்கள். இரண்டாம் வளைவு வீட்டுக்காரர் மட்டும் முரண்டு பிடித்தார். ஓய்வுபெற்ற கண்டக்டர், கமிட்டிச் செயலாளர்.

"நாற்காலி போட்டா திரும்பச் சீட்டாட்டம் ஆரம்பிச்சிடும்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "நீங்களே வாசலத் தாண்டி மாசக்கணக்காச்சு. உங்ககூடச் சீட்டாட யாரு வரப்போறா?" பிரம்பு நாற்காலியை அவரே தூக்கி வந்து போட்டார்.

பஞ்சக்கா ஏறிய அன்று காலை பனிமூட்டம். கீழ்ப்படிகளும் மேல்படிகளும் தெரியவில்லை. பஞ்சக்கா நின்ற நாலைந்து படிகள் மட்டும் வெள்ளைக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு சன்னல் திறந்தது, யாரோ குடத்தைக் கழுவினார்கள், பிறகு அதுவும் கரைந்துவிட்டது. பனிக்குள் ஒரு நாற்காலி மெல்ல உருவாகும். அவள் போய் அமர்வாள். மூச்சு அடங்கும். எழுந்ததும் நாற்காலி மறுபடி பனியாகிவிடும்.

கண்டக்டர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"போதும் நர்சம்மா, திரும்பிடலாம்."

கதவு திறந்தது. கண்டக்டர் அவளைப் பார்த்தார், என் முட்டியைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"பஞ்சக்கா, கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்துட்டு நடுவுல எறங்கக் கூடாது."

"உங்க பஸ்ஸு என்னைக்காவது கடைசி ஸ்டாப்பப் பாத்திருக்கா? பாதி நாள் தள்ளிக்கிட்டுத்தான போனோம்."

"தள்ளினாலும் போய்ச் சேர்ந்தீங்கள்ல?"

சிரித்துக்கொண்டே கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

உச்சிக்குப் போகும்போது வெயில் வந்துவிட்டது. அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, பேச மூச்சில்லாமல், முதலில் தலையணையை அமுக்கிப் பார்த்தாள்.

"இத எவன் அடைச்சான்? கல்லு மாதிரி இருக்கு."

அக்காவின் நல்ல கை நகர்ந்து வந்து தங்கையின் பின்னலைப் பிடித்து ஓர் இழு இழுத்தது. அது திட்டு. ஒரு வருடமாக வராததற்கு.

"வலிக்குதுடி, விடு," என்றாள் பஞ்சக்கா. தலையைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

மறுநாள் காலை நான் அழைக்காமலே ஏறினாள். மூன்றாம் வளைவு நாற்காலியில் அந்த வீட்டு எலக்ட்ரீஷியனின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவரை வெளியே பார்த்தே வெகுநாள். எழுந்திருக்கிற யோசனை அவருக்கு இல்லை. பஞ்சக்கா கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்து நின்றாள். பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்காவப் பாக்கப் போறேம்மா. உக்கார ஒரு நாற்காலி குடுங்க."

வாங்கிய நாற்காலியை எலக்ட்ரீஷியனின் அம்மா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.